அறியா வினா மூன்று

வினாவை ஆறு வகையாகப் பகுத்தனர் நன்னூலார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. வகுப்பில் ஆசிரியர் எம்மை நோக்கித் தொடுப்பன பெரும்பாலும் அறிவினாவே. விடையைத் தாம் அறிந்து வைத்துக்கொண்டு, யாம் அறிந்துள்ளோமா என்று பார்த்தற்பொருட்டு வினவப்படுவன. கலப்பற்ற அறியா வினாவைக் கேட்க விரும்புவார் எட்டு வயதுச் சிறுவரிடம் செல்லல் வேண்டும். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எமக்கு அவ்வாய்ப்பு நேர்ந்தது. மூன்று வினாக்கள் வந்தன, மூன்றுக்கும் தயங்காது விடை கூறினோம், மூன்றும் பிழை. அப்பிழைகளைத் திருத்தவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அன்று மாலை முழுதும் பெய்த மழை ஓய்ந்திருந்தது. இரவு எட்டு மணியளவில் மின்சாரம் நின்றது. எம் பாட்டியார் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, கவிழ்த்த சிரட்டையின்மேல் ஊன்றித் திண்ணைக்குக் கொண்டுவந்தார். எம் சிற்றன்னையாரின் மகன் அதன் எதிரே குப்புறப் படுத்துச் சுடரையே நோக்கிக்கொண்டிருந்தான். சிறிது நேரங்கழித்து, “பாட்டி, தீ ஏன் மேலேயே போகிறது? பக்கத்தில் ஏன் போவதில்லை?” என்றான். பாட்டியார், “எனக்குத் தெரியாதப்பா, அண்ணனைக் கேள், அவன்தானே காலேஜில் படிக்கிறான்” என்றார். மேல்நோக்கி எழுதல் தீயின் இயல்பு என்றோம். அதற்குள் விட்டிற்பூச்சியொன்று வந்து சுடரைச் சுற்றலாயிற்று. அஃது ஏன் வந்து சாகிறதென்று கேட்டான். பாட்டியார் அதற்கும் தெரியாதென்றே சொன்னார். நிலவைக் குறியாகக் கொண்டு பறக்கும் பூச்சி விளக்கை நிலவென்று மயங்குகிறது என, எங்கோ படித்ததை யாம் எடுத்து வழங்கினோம். பூச்சியை நாடிப் பல்லியொன்று உத்திரத்தின் அடிப்பக்கமாகத் தலைகீழாய் ஊர்ந்து வந்தது. “அண்ணே, இது ஏன் விழவில்லை?” என்றான். அதன் காலில் பசை இருக்கிறது என்றோம். மூன்று விடைக்கும் மூன்று நிமிடம் ஆகியிராது.

நன்னூலார் விடைவகை எட்டென்பர். “அறியேன்” என்பது அவ்வெட்டனுள் எதன்பாற்படும் என்பதை உரையாசிரியர்கள் தீர்ப்பாராக. அவ்விரவில் திண்ணையில் இருந்தாருள் உண்மை கூறியவர், மும்முறையும் அச்சொல்லைக் கூறிய பாட்டியார் ஒருவரே.

பெப்ருவரித் திங்களில் ஒருநாள் அச்சிறுவன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, பல்லி காலில் பசை இல்லை” என்பதே அவனது முதற்சொல். அவன் செய்தது இது: சன்னற் கண்ணாடியொன்றை ஈரத்துணியாற் றுடைத்துக் காயவிட்டிருக்கிறான். இரவு பல்லி அதன்மேல் ஊர்ந்ததைக் கைவிளக்கொளியில் கண்டு, ஊர்ந்த இடத்தை மனத்திற் குறித்துக்கொண்டிருக்கிறான். காலையில் அவ்விடத்தில் அரிசிமாவைத் தூவி ஊதியிருக்கிறான். பசையிருந்தால் மாவு ஒட்டியிருத்தல் வேண்டும். ஒரு துகளும் ஒட்டவில்லை. “பசையாயிருந்தால் சுவரிலுள்ள தூசியெல்லாம் அதன் காலில் அப்பிக்கொள்ளாதா?” என்றும் கேட்டான். எம்மிடம் மறுமொழியில்லை. அன்று மாலையே பிராணி நூல் பயிலும் நண்பரொருவரிடம் சென்றோம். அவர் நகைத்து, ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று, பாடஞ் செய்யப்பட்ட வீட்டுப்பல்லியொன்றின் அடிக்காலை நுண்ணோக்கியில் காட்டினார். விரலின் அடியில் சிறு சிறு மடிப்புகள் படிப்படியாக அடுக்கியிருந்தன. பசை சுரக்கும் சுரப்பி எதுவும் அங்கில்லை என்றார்.

இவ்வுயிர் சுவரேறுதல் நெடுங்காலமாக மாந்தர் கண்டு வியந்த ஒன்று. கிறிஸ்துவுக்குமுன் நான்காம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில், மரங்கொத்தி மரத்தில் தலைகீழாகவும் ஓடும் என்று சொல்லவந்த இடத்துப் பல்லியை ஒப்புமை காட்டினார். வேதாகமத்தில் நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில், உருவிற் சிறியவாயினும் ஞானத்திற் பெரிய உயிர்கள் நான்கென எண்ணும் ஆகூர், நான்காவதாக அரசர் மாளிகையில் வாழும் ஒன்றனைக் கூறுகின்றார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைச் சிலந்தி என்றது. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே. மூலத்திலுள்ள எபிரெயச் சொல்லுக்குப் பல்லி என்றே பிற்காலத்தார் பலர் பொருள் கொண்டனர். எமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. அரண்மனையாயினும் குடிசையாயினும் அனுமதி கேளாது புகுவது பல்லியன்றோ?

அது விழாமைக்குக் காரணம் கூறியோர் பலர். அவர்தம் கூற்றுகள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. நகத்தாற் பற்றுகிறது என்றால், நகம் பதிய இடமில்லாத கண்ணாடியில் அஃது ஏறுதல் எவ்வாறு? காலடியில் காற்றை வெளியேற்றி உறிஞ்சிப் பிடிக்கிறது என்றனர் சிலர். 1934-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் டெல்லிட் என்பவர் காற்று நீக்கிய வெற்றிடத்தில் சோதித்தார். அங்கும் பிடி தளரவில்லை. உறிஞ்சிப் பிடித்தல் என்பது புறக்காற்றின் அழுத்தத்தால் நிகழ்வதாகலின், காற்றில்லாவிடத்து அது நிகழாது. மின்னேற்றத்தால் ஒட்டுகிறது என்பதனையும் அவரே சோதித்தார். எக்ஸ் கதிர்களைச் செலுத்திச் சுற்றியுள்ள காற்றை மின்கடத்துவதாக்கி, அவ்வேற்றம் நிலைபெறாவாறு செய்தும் பல்லி ஒட்டியே நின்றது.

1965-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் மடிப்புகளின்மேலுள்ள நுண்மயிர்களின் உருவம் தெளிவாயிற்று. ஆசியாவில் வாழும் டோக்கே என்னும் பெரும்பல்லியின் ஒரு காலில் ஏறத்தாழ 5,00,000 மயிர்கள் உள. ஒரு மயிரின் பருமன் நம் தலைமயிரின் பருமனிற் பத்திலொரு பங்கு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவினது. அவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. கிளை ஒவ்வொன்றும் சிறு அகப்பைபோல் தட்டையாக முடிகிறது. நம் வீட்டுப்பல்லியின் காலும் உருவிற் சிறியதேயன்றி அமைப்பில் இதனை ஒத்ததே.

இத்துணை நுண்மையாகப் பிரிவது எதற்கு? இங்குத்தான் பௌதிக நூல் துணைக்கு வருகிறது. எப்பொருளின் மூலக்கூறிலும் எலெக்ட்ரான்கள் ஓயாது அலைவன. ஒரு கணம் அவை ஒருபக்கம் மிகுந்து மறுபக்கம் குறைந்து நிற்கும்; அருகிலுள்ள மூலக்கூறும் அதற்கேற்பச் சாயும்; அவ்வாறு சாய்ந்தவை ஒன்றையொன்று ஈர்க்கும். மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்புண்டு என்பதை 1873-இல் தம் ஆராய்ச்சியுரையில் எடுத்துக்கொண்டு, 1910-இல் நோபெல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் வான் டெர் வால்ஸ் என்பாரின் பெயரால் இவ்விசை வழங்கப்படுகிறது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாயினும் இது மிக மெலியது. இருபொருளும் நெருங்கிப் படிந்தாலன்றிப் பயன்படாது. நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் முழுதும் படிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் மேடு மேட்டைத் தொட்டு நிற்குமேயன்றிப் பள்ளங்கள் யாவும் இடைவெளியே. பல்லியின் மயிர் நுனிகளோ ஒவ்வொரு பள்ளத்திலும் தனித்தனியே புகுந்து படிகின்றன. மெலிய விசை எண்ணிக்கையால் வலிதாகிறது.

2000-ஆம் ஆண்டில் கெல்லர் ஆட்டம், ராபர்ட் ஃபுல் முதலிய அமெரிக்க அறிஞர்கள் ஒற்றை மயிரின் பிடியை அளந்தனர். ஒரு மயிர் ஓர் எறும்பைத் தாங்கும். 10,00,000 மயிர்கள் சிறு நாணயமொன்றன் பரப்பில் அடங்கிவிடும். அவை அனைத்தும் ஒருங்கே பிடித்தால் 20 கிலோகிராம் எடையுள்ள பிள்ளையைத் தாங்கும். எம் தம்பியின் எடை ஏறத்தாழ அவ்வளவே. 2002-இல் அவர்களே, நீரை ஏற்கும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் பல்லி ஒத்த வலியோடு ஒட்டுதலைக் காட்டினர். ஆகவே நீர்ப்பசையும் முதற்காரணமன்று. பல்லி நடந்தவிடத்து மிக நுண்ணிய கொழுப்புத் தடமுண்டு என 2011-இல் கண்டனர். அது தனிக்கருவிகளுக்கே புலப்படுவது, அரிசிமாவுக்குப் புலப்படாது. பசை என்று யாம் கூறியதற்கு அதனைச் சான்றாகக் காட்டித் தப்ப முயலோம்.

எமக்குப் பெருவியப்பளித்தது ஒட்டுதலன்று, விடுதலே. பசையால் ஒட்டிய காலை ஒவ்வோரடிக்கும் பிய்த்தெடுக்கவேண்டின் பல்லி பூச்சி பிடித்து உண்பது எப்போது? மயிர் சுவரோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணம் ஆனவளவில் பிடி தானே விட்டுவிடுகிறது. பல்லி தன் விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டுகிறது. ஒட்டிய தாளை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல் கால் எளிதில் கிளம்புகிறது. பற்றுதற்கு உயிர்முயற்சியும் வேண்டுவதில்லை; இறந்த பல்லியின் காலும் உயிருள்ளதன் காலைப்போலவே ஒட்டுகிறதென்பதை 2014-இல் சோதித்தறிந்தனர். தோசை ஒட்டாதிருக்கும்பொருட்டு வாணிகர் பூசும் டெஃப்லான் என்னும் பொருள்மீது மட்டும், அஃது உலர்ந்திருக்கையில், பல்லியால் நிற்க இயலாது.

இனி விட்டிலைக் காண்போம். தமிழ் பயில்வார்க்கு விட்டில் புதியதன்று. ஊற்றால் யானையும், சுவையால் மீனும், நாற்றத்தால் வண்டும், ஓசையால் அசுணமும், ஒளியால் விட்டிலும் கெடுமென்று ஐம்புலனுக்கு ஐந்துயிரை எடுத்துக்காட்டுதல் நம் முன்னோர் மரபு. காதல் மிகுந்து சுடரிற் பாய்ந்ததென்று பாடாத புலவர் அரியர். யாம் கூறிய நிலவுக் கொள்கையோ பல பாடநூல்களிலும் உள்ளதே. தொலைவிலுள்ள நிலவை ஒரே கோணத்தில் வைத்துப் பறந்தால் பாதை நேராகும். அருகிலுள்ள விளக்கை அவ்வாறு கொண்டால் பாதை சுருண்டு சுருண்டு விளக்கில் முடியும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு அழகியது. ஆனால் பூச்சிகள் அவ்வாறு பறப்பதில்லை.

சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலியோர் செய்த ஆராய்ச்சி 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளின் உடலில் நுண்குறிகளை ஒட்டியும், நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிக்கா நாட்டுக் காட்டில் இரவில் விளக்கேற்றியும், அதிவிரைவுக் காமிராக்களால் அவற்றின் பறத்தலைப் படம்பிடித்தனர். பூச்சிகள் விளக்கை நோக்கிப் பறக்கவேயில்லை; விளக்குக்கு முதுகைக் காட்டின. விளக்கின் பக்கத்தே செல்லும் பூச்சி முதுகை விளக்கின்பால் சாய்த்துச் சாய்த்து அதனையே சுற்றலாயிற்று. கீழே செல்வது முகம் நிமிர்ந்து மேலேறி வேகமிழந்து நின்றது. மேலே செல்வதோ மல்லாந்து தலைகீழாய் வீழ்ந்தது.

முதுகைக் காட்டுவது ஏன்? பறக்கும் சிற்றுயிர்க்கு மேல் எது, கீழ் எது என்றறிதலே முதற்கவலை. திருப்பத்தில் விரையும் பேருந்தில் நாம் ஒருபக்கம் சாய்கிறோம். எடை எத்திசையில் இழுக்கிறதென்று அக்கணத்தில் உடலுக்குத் தெளிவாவதில்லை. ஓயாது திரும்பித் திரும்பிப் பறக்கும் பூச்சிக்கு அக்குழப்பம் எந்நேரமும் உண்டு. ஆனால் இரவாயினும் வானம் நிலத்தினும் சற்று ஒளியுடையது. ஒளியுள்ள பக்கத்தை முதுகுப்பக்கமாக வைத்துக்கொண்டால் உடல் நிமிர்ந்திருக்கும். மீன்களிடத்தும் இவ்வியல்பு காணப்படுகிறது. இவ்வொரு விதி கோடிக்கணக்கான ஆண்டுகள் பூச்சிகளைப் பிழையின்றி நடத்தியது. மனிதன் தரையில் ஒளியை ஏற்றினான்; பூச்சிக்கு வானம் இடம்மாறிற்று.

இதற்கு அவர்கள் செய்த சோதனை மிகவும் தெளிவானது. வெள்ளைத் துணியொன்றை மேலே விரித்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினர். அதன்கீழே பூச்சிகள் தடுமாறாது நேரே பறந்து சென்றன. அதே ஒளியைத் தரையில் விரித்த துணியினின்று மேல்நோக்கி வரச் செய்தபோது, வந்தவை மல்லாந்து மண்ணில் விழுந்தன. எம் ஊர் ஆலயத்தில் கிறிஸ்துமஸுக்காகக் கோபுரத்தின் அடியில் மேல்நோக்கி விளக்குகள் வைப்பதுண்டு. மறுநாட் காலையில் அவற்றைச் சுற்றிப் பூச்சிகள் கால்களை மேலே நீட்டிக் கிடத்தலை ஆண்டுதோறும் கண்டிருந்தும் யாம் காரணம் எண்ணியதில்லை. மெழுகுவர்த்தியின் சுடருக்குமேலே பறக்க நேர்ந்த விட்டிலுக்கும் ஒருமுறை மல்லாத்தலே போதியது. எல்லாப் பூச்சியும் இவ்விதிக்கு உட்பட்டதன்று. அரளியிலையைப் புழுப்பருவத்தில் உண்டு வளரும் ஒருவகைப் பருந்து விட்டில் விளக்கின்மேலும் தடுமாறாது பறந்ததாம். நெடுந்தொலைவிலிருந்து பூச்சிகள் வருவதற்கும் இதுவே காரணமாவென்பதனை அவ்வாராய்ச்சி தீர்க்கவில்லை. ஆயினும் சுடரருகே நிகழ்வது காதலன்று, மயக்கமும் நிலவைப்பற்றியதன்று என்பது தெளிவாயிற்று. ஒளியால் விட்டில் கெடும் என்ற நம் முன்னோர் உரைக்கு இதனால் இழுக்கில்லை. ஆசையால் என்றதனையே மாற்றவேண்டும். நிமிர்ந்து நிற்க முயன்றே அது வீழ்கிறது. இதனை வைத்து நல்ல செய்யுளொன்று இயற்றலாம். எம்மினும் வல்லார் முயல்க.

எஞ்சியது தீ. மேல்நோக்குதல் அதன் இயல்பென்று யாம் கூறியது, அரிஸ்டாட்டில் கூறிய விடையே. ஆயினும் பிழை பிழைதான். 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே இலண்டன் மாநகரில் சிறுவர்க்கென்று ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தி ஒன்றே. புத்தகம் கட்டுவோரிடம் பணிபயின்று, அங்கே கட்டவந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றவர் அவர். தம் சிறு திருச்சபையில் மூப்பராயும் விளங்கியவர். உருகிய மெழுகு திரிவழியே ஏறுகிறது, ஏறியது ஆவியாகிறது, எரிவது அவ்வாவியே என்பதைக் காட்டுதற்கு, சுடரின் நடுவில் கண்ணாடிக் குழாயொன்றைச் செருகி, ஆவியை அதன்வழியே வெளிக்கொணர்ந்து மறுமுனையில் கொளுத்தினார். சுடரின் மஞ்சள் ஒளி, எரியாது எஞ்சிய கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதனால் ஆவது. கரண்டியொன்றைச் சுடரிற் பிடித்தால் அத்துகளே கரும்புகையாய்ப் படியும்.

தீயைச் சூழ்ந்த காற்று சூடேறி விரிந்து இலேசாகிறது. குளிர்ந்த காற்று அதனினும் கனமுடையதாகலின் கீழிருந்து புகுந்து அதனை மேலே தள்ளுகிறது. அவ்வோட்டமே சுடரை மேல்நோக்கி இழுத்து நீட்டுவது. எனவே மேலே செல்வது தீயின் விருப்பமன்று; காற்றின் எடை செய்வதே. எடை தோன்றாவிடத்துத் தீ எவ்வாறு எரியும்? 1992-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் 1996-இல் ருஷ்யரின் மிர் நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தனர். சுடர் நீளவில்லை, திரியின்மேல் சிறு அரைக்கோளமாய், மங்கிய நீலநிறமாய் நின்றது. அங்கே பூமியின் ஈர்ப்பே இல்லையெனப் பலர் கருதுவர், அற்றன்று. 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு இங்குள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. கலமும் அதனுள்ளிருப்பனவும் பூமியைச் சுற்றியவாறே ஒருங்கு விழுந்துகொண்டிருத்தலின் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவே.

இவற்றையெல்லாம் எம் தம்பிக்குத் தொலைபேசியில் தவணை முறையில் கூறிவருகிறோம். தீ உருண்டையாய் எரியும் என்றதை நம்பாது, படம் அனுப்பச் சொன்னான், அனுப்பினோம். பாட்டியாரும் அதனைக் கண்டு, “முதலிலேயே கேட்டுச் சொல்லியிருக்கலாமே” என்றாராம். பின்னர், அறுந்த பல்லிவால் ஏன் துடிக்கிறது என்று புதிதாய் ஒரு வினா விடுத்தான். அறியோம் என்றோம், கேட்டறிந்து சொல்வதாகவும் கூறியுள்ளோம். டெஃப்லான் செய்தியை மட்டும் அவனிடம் சொல்லாதிருந்திருக்கலாம். சிற்றன்னையார் இருநாளாகத் தம் தோசைக்கல்லைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.